குழாய்த் தண்ணீரில் ஒற்றைக்கண்ணன்

புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. வெகுகாலமாக விஷயம் தெரிந்தவர்கள் நாம் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். போன வாரம் தெரிந்துகொண்டவர்களோ நம்மைத் தெருவில் நிறுத்திச் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் நான் இந்த இரண்டாவது வகை. போதாததற்கு என்னிடம் ஒரு வகுப்பும் முப்பத்தொரு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடம். தகரக் கூரை, பலகைச் சுவர், மூன்று அறைகள். ரயில் போனால் பாடம் நிற்கும். மழை பெய்தாலும் நிற்கும். மிச்ச நேரத்தில் நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊரில் என்னை "கிராணி மக" என்பார்கள். நான் "கமலம் டீச்சர்" என்று திருத்துவேன். (காய்கறிக் கூடை சுமந்து வருகிறவரைக்கூடத் திருத்தியிருக்கிறேன். அவர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு நல்ல கத்தரிக்காய் தந்ததில்லை.)

அந்தச் சமயத்தில் சீமைக்குத் திரும்பிப்போன துரை ஒருவரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்பா ஒரு சுவர்க் கடிகாரத்தின் மேல் கண் வைத்துப் போனார். கடிகாரம் வேண்டுமானால் கூடவே ஒரு மரப்பெட்டியையும் எடுத்தாக வேண்டும் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே பித்தளையில் ஒரு நுண்ணோக்கி. கடிகாரம் மூன்றாவது நாளே நின்றுவிட்டது. நுண்ணோக்கி வேலை செய்தது. அதுதான் பிரச்சினை.

பெட்டியின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் இருந்தது. குளத்து நீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நாளில் படித்து முடித்தேன். ஐந்தாம் நாள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அண்ணன் ரயில்வே தந்திப் பிரிவில் வேலை பார்த்தான். அங்கே கழித்துப்போட்ட பேட்டரி ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தடித்த பச்சைக் கண்ணாடி, சதுர வடிவம், இரண்டு வாளித் தண்ணீர் பிடிக்கும். சலவைச் சோடா போட்டுப் பத்துத் தடவை கழுவினோம். பிரிக்பீல்ட்ஸில் செங்கல் அறுக்க மண் தோண்டிய பழைய குழிகள் அப்போது குளங்களாகக் கிடந்தன. அங்கிருந்து தண்ணீரும், கொஞ்சம் சேறும், வேலம்பாசியும் கொண்டுவந்து ஜாடியில் நிரப்பி, வகுப்பின் ஜன்னலோரம் வைத்தேன். கொசு முட்டையிட்டால் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து ஜாடியோடு என்னையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பதால், கிழிந்த கொசுவலைத் துண்டால் மேலே மூடிக் கட்டினேன்.

முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அதைச் சட்டை செய்யவில்லை. "டீச்சர், மீன் எங்க?" என்று கேட்டார்கள். மீன் இல்லை என்றதும் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் பேனாவுக்கு மை ஊற்றும் ரப்பர் குழலால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியின் கண்ணாடியைச் சூரியன் பக்கம் திருப்பி, ஒவ்வொருவராகப் பார்க்கவிட்டேன். முதலில் பார்த்தவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி குனிந்தான். அவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

நான் அகராதியில் தேடிய பெயர்கள் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்களே வைத்துக்கொண்டார்கள். தலையில் சக்கரம் சுற்றுவதுபோல் ரோமம் சுழல நகரும் ஒன்றுக்கு "வண்டிக்காரன்". உடம்பு கண்ணாடிபோல் இருந்து, உள்ளே இதயம் படபடவென்று துடிப்பது தெரியும் ஒன்றுக்கு "பயந்தாங்கொள்ளி". பேரிக்காய் உடம்பும், இரண்டு கொம்பும், நெற்றி நடுவில் ஒரே ஒரு கண்ணும், பின்னால் இரண்டு முட்டைப் பைகளுமாகத் துள்ளித் துள்ளிப் போகும் ஒன்றுக்கு "ஒத்தக்கண்ணன்". (அது பெண் என்றேன். முட்டையைக் காட்டினேன். பெயரை மாற்ற மறுத்துவிட்டார்கள்.)

அந்த வாரம்போல் ஒரு வாரத்தை அதற்கு முன்பும் நான் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. பெல் அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் வந்து ஜாடியைச் சுற்றி நிற்பார்கள். சத்தமே இருக்காது. ரயில் போனால்கூட யாரும் திரும்ப மாட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தகத்தில் நான் இன்னும் சொல்லிக்கொடுக்காத கடைசி அத்தியாயம் ஒன்று மிச்சமிருந்ததே!

"பிள்ளைகளே, குளத்துல மட்டும்னு நினைக்காதீங்க. நாம குடிக்கிற ஒவ்வொரு சொட்டுத் தண்ணியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர் இருக்கு!" என்றேன். கையை வேறு விரித்தேன்.

இரண்டாவது பெஞ்சில் சிவகாமி கையைத் தூக்கினாள். சிக்னல் கேபினில் வேலை செய்பவரின் மகள். ஒன்பது வயது, ஒல்லி, நெற்றியில் எப்போதும் பட்டையாகத் திருநீறு. அவர்கள் வீட்டில் முட்டை விற்பவரின் கையால் தேங்காய்கூட வாங்க மாட்டார்கள்.

"டீச்சர், அப்படின்னா தண்ணி சைவமா, அசைவமா?"

வகுப்பு என் வாயையே பார்த்தது. நான் படித்த புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

"அது... கொதிக்க வச்சுக் குடிச்சா ஒன்னுமில்ல. சூட்டுல எல்லாம் செத்துரும்."

சிவகாமி யோசித்தாள். "அப்ப பிணத்தைக் குடிக்கிறதா டீச்சர்?"

மறுநாள் அவள் பள்ளிக்கூடக் குழாயடியில் நின்று, கையில் தண்ணீரை ஏந்திப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே விட்டாள். அதைப் பார்த்து இன்னொரு பெண்ணும் விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் என் வகுப்பில் பதினான்கு பேர் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். சிலருக்குப் பயம், சிலருக்குப் போட்டி. பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துச் சமாளித்தார்கள். சிவகாமி மட்டும் எதையும் தொடவில்லை. பாலில் தண்ணீர் கலப்பார்கள், காப்பியிலும் தண்ணீர்தான் என்று கணக்காகச் சொன்னாளாம். சோற்றில் ஒட்டியிருந்த ஈரமும், அழுதுகொண்டே அவள் அம்மா ஊட்டிய இரண்டொரு வாழைப்பழமும்தான் ஆகாரம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் அந்தச் சனி ஞாயிறு முழுக்க ஒற்றைக்கண்ணனைப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வெயிலில் உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது சிவகாமி மயங்கி விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் கிடத்தினோம். உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோனேன். கண்ணைத் திறந்தவள் டம்ளரைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு, என்னைக் குற்றம் சொல்லாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் தெரியாமயே குடிச்சிருப்பேன் டீச்சர்."

இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. அவள் அம்மா வந்து கரும்பை நசுக்கிச் சாற்றைப் பிழிந்து அவள் வாயில் விட்டாள். கரும்பு சைவம் என்று அம்மாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

புதன்கிழமை தாய்மார்கள் இருபது பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கூடவே பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் மருதமுத்துப் பிள்ளையும். அவருக்குத் துணிக்கடை. பருத்த உடம்பு, நிதானமான பேச்சு. அவருக்கு என்னைக் கண்டாலே கொஞ்சம் பயம் என்று நான் நினைத்திருந்தேன். (உண்மையில் அவருக்குக் காது மந்தம். நான் பேசும்போது அதனால்தான் முகத்தைச் சுளித்திருக்கிறார்.)

முன்தினமே தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பொம்பளைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புறதே இப்பதாம்மா ஆரம்பிச்சிருக்காங்க. நாளைக்கு இவங்க மனசு மாறலேன்னா ஒன் வகுப்புப் பொம்பளைப் பிள்ளைங்க பதினேழும் வீட்டோட நின்னுரும். ஒன்னோட வேலையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல."

பதினேழு பெண்கள். மறுநாள் காலை வீட்டில் பசியாறக்கூட முடியவில்லை எனக்கு.

இருந்தாலும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் ஜாடித் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். ஜாடித் தண்ணீரைக் காலையிலேயே எடுத்து வைத்ததால் சேறு அடியில் தங்கி, மேலே தெளிந்திருந்தது. முதலில் குளத்தைக் காட்டுவது, அப்புறம் குழாயைக் காட்டுவது. அதில் ஒன்றுமே தெரியாது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இடது பக்கம் குழாய், வலது பக்கம் குளம். இடது குழாய், வலது குளம். வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தலைவரை வரவேற்க நான் வாசலுக்குப் போன நேரத்தில், நுண்ணோக்கிக்கு வெளிச்சம் போதவில்லையே என்று தலைமையாசிரியர் நல்லெண்ணத்தோடு இரண்டு பிள்ளைகளை விட்டு மேசையை அப்படியே அரைவட்டமாகத் திருப்பி வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்து மேசையின் பின்னால் நின்றேன். இடது குழாய், வலது குளம்.

முதலில் வலது டம்ளரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். மருதமுத்துப் பிள்ளை தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஒன்னையும் காணோமே" என்றார். ஒற்றைச் சொட்டில் சில சமயம் ஒன்றும் அகப்படாது, பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் முக்கியமான கட்டத்துக்குப் போகும் அவசரம்.

"இப்ப குழாய்த் தண்ணி. இதுல ஒன்னுமே இருக்காது, நல்லாப் பாருங்க" என்று இடது டம்ளரில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன்.

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அம்மா."

"ஐயா?"

"இதுல ஒருத்தன் இருக்கான்."

"இருக்காதுங்க."

"கொம்பு வச்சிருக்கான். என்னையே பாக்குறான்."

சிவகாமியின் அம்மா முன்னால் வந்து, சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். அடுத்த நிமிடம் "ஐயோ முருகா!" என்று அலறிப் பின்னால் நின்றவள் காலை மிதித்தாள். "ஒத்தக் கண்ணு! குழாய்த் தண்ணியிலயே இருக்கு! இதையா நாம இத்தனை நாளா கொழந்தைங்களுக்குக் குடுத்தோம்?"

அறை இரைந்தது. ஒருத்தி தன் மகளின் கையைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தாள். பதினேழில் ஒன்று போகிறது என்று என் மனசு எண்ணியது. அந்த நிமிடத்திலும் டம்ளர்கள் இடம் மாறியிருக்கும் என்று தோன்றவில்லை. கோலாலம்பூரின் குழாய்த் தண்ணீர் முழுவதும் எனக்கு எதிராகச் சதி செய்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"இருக்கட்டும்!" என்று கத்தினேன். "இருந்தா என்ன? இதெல்லாம் நம்மள ஒன்னும் செய்யாது! பாருங்க!"

இடது டம்ளரைத் தூக்கி வாயில் கவிழ்த்தேன்.

முதல் மடக்கு இறங்கியது. இரண்டாவது மடக்கில் சேற்று வாடை மூக்கில் ஏறியது. மூன்றாவதில் ஏதோ வழுவழுப்பாக நாக்கில் வந்து படுத்தது. வேலம்பாசி. அப்போதுதான் எனக்கு மேசையும் திசையும் எல்லாம் விளங்கின. என்னைச் சுற்றி இருபது தாய்மார்கள், ஒரு தலைவர், முப்பத்தொரு பிள்ளைகள். டம்ளரில் இன்னும் பாதி இருந்தது.

குடித்து முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை டம்ளர் வேறில்லை.

தலைமையாசிரியர் இதற்குள் சந்தேகப்பட்டு மற்ற டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இதுதான் குழாய்த் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கு. அது குளத்துத் தண்ணி" என்றார்.

"டீச்சர் ஒத்தக்கண்ணனைக் குடிச்சிட்டாங்க!" என்று ஒரு பையன் கூவினான். "வண்டிக்காரனையும்!" என்றது இன்னொரு குரல், அழுகையோடு.

மருதமுத்துப் பிள்ளை என்னைப் பார்த்தார். முகத்தில் சுளிப்பு இல்லை. "தெரிஞ்சேதான் குடிச்சியாம்மா? இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் தெளியணும்னுதானே?"

வாய்க்குள் பாசி இருந்தது. வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடும். உண்மையும் கூடவே வந்துவிடும். நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழுமாக.

அவர் தாய்மார்கள் பக்கம் திரும்பினார். "பாத்துக்குங்க. குளத்தையே குடிச்சிட்டு நிக்கிது இந்தப் பொண்ணு. நீங்க குழாய்த் தண்ணிக்குப் பயப்படுறீங்க. சந்தேகமா இருந்தா வடிகட்டிக் காய்ச்சிக் குடுங்க, யார் வேணாம்னது?" யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். வாசல் வரை போனவள் மகளோடு திரும்பி வந்தாள்.

நான் பின்பக்கம் ஓடினேன்.

கால்வாய் ஓரம் குனிந்து துப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இரண்டு ஒல்லிக் கால்கள் தெரிந்தன. சிவகாமி. கையில் குழாய்த் தண்ணீர் நிறைந்த டம்ளர்.

"தெரியாமத்தான குடிச்சீங்க டீச்சர்?"

"யார் சொன்னா?"

"தெரிஞ்சிருந்தா மூக்கைப் பிடிச்சிருப்பீங்க."

அவளிடம் மறுபடியும் தலையாட்ட முடியவில்லை. "ஆமா, தெரியாமத்தான்" என்றேன். "நான் வகுப்புல சொன்னதும் சரியாத் தெரியாமச் சொன்னதுதான். நல்ல குழாய்த் தண்ணியில அவ்வளவெல்லாம் இல்ல. ஆயிரம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"கொஞ்சம் இருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று தோன்றியது. "கொஞ்சம் இருக்கலாம்மா. எனக்குத் தெரியல."

என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும்தான். அவள் டம்ளரை என்னிடம் நீட்டினாள். கொப்பளித்தேன், குடித்தேன். பாதி மிச்சமிருந்தது. அவள் அதை வாங்கி, உள்ளே உற்றுப் பார்த்து, மிகவும் மரியாதையாக ஏதோ முணுமுணுத்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சொன்னே?"

"கொஞ்சம் ஓரமா போய்க்குங்கன்னு சொன்னேன்."

எனக்கு அன்று சாயங்காலமே வயிறு போக ஆரம்பித்தது. மூன்று நாள் படுக்கை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியான டிரஸ்ஸர் வீட்டுக்கே வந்து கசப்பு மருந்து கொடுத்தார். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னதைக் கேட்டு அவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போய் நின்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். பதினேழு பெண்களும் இருந்தார்கள். ஜாடியும் இருந்தது. பிள்ளைகள் அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார்கள்: "குடிக்கக் கூடாது. டீச்சரும்."

குவார்ட்டர்ஸ் வீடுகளில் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு பரவியது. மருதமுத்துப் பிள்ளை தன் கடையில் வடிகட்டும் துணி என்றே ஒன்றைத் தனியாக விற்றார். கமிட்டிக் கூட்டங்களில் என் தியாகத்தைப் பற்றிப் பேசுவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிடங்குக் கணக்குப் பார்க்கும் வேலை. தியாகக் கதை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகளுக்காகக் குளத்தைக் குடித்தவள் மாமியாருக்காக எதையும் பொறுத்துக்கொள்வாள் என்று அவருடைய அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். (அந்தக் கணக்கு எப்படிப் போயிற்று என்பது வேறு கட்டுரை.)

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் அந்தக் கதையைச் சொல்லாத விருந்தாளி கிடையாது. சொல்லச் சொல்ல வளர்ந்தது. முதலில் ஒரு டம்ளர், பிறகு ஒரு சொம்பு. ஒற்றைக்கண்ணன் தலைப்பிரட்டை ஆனான். எங்கள் மகன் சொல்ல ஆரம்பித்தபோது அது தவளையாகிவிட்டது. எல்லாருடைய கதையிலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: நான் தெரிந்தே குடித்தேன்.

பத்து வருடம் அதைச் சுமந்தேன். ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சோற்றுப் பானையைப் பார்த்தபடி, மேசை திரும்பியதையும் தலையாட்டியதையும் சொல்லி முடித்தேன். அவர் துண்டால் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரசத்துல ஒரு கறிவேப்பிலை கூட கெடந்தா எடுத்துப் போடுறவ நீ. பாசியோட இருந்ததைத் தெரிஞ்சா குடிச்சிருப்பே?"

"அப்ப ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொல்றீங்க?"

"கதை நல்லா இருக்கு. நீ கெடுத்துறாதே."

அவர் இருந்தவரை நான் கெடுக்கவில்லை. போன மாதம் என் மகன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். தவளை இப்போது இரண்டாகியிருக்கிறது. இதற்கு மேலும் பேசாமலிருந்தால் முதலையில் போய் நிற்கும் என்று பயந்துதான், அவர் மன்னிக்கட்டும், இன்று கெடுத்துவிட்டேன்.